பெரிய முதுகுப்பை வாங்கும் முன்: கதிர்காமம் நடப்பவர்களும் நாடு சுற்றுபவர்களும் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பெரிய முதுகுப்பை தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். உகந்தையால் காட்டுக்குள் இறங்கிக் கதிர்காமத்துக்கு நடக்கப்போகிறவர்கள் ஒரு வகை. இந்தியா, நேபாளம், மலேசியா என்று மாதக்கணக்கில் சுற்றக் கிளம்புகிற இளம் ஆட்கள் மற்ற வகை. இரு தரப்புக்கும் வேண்டிய பை வேறு வேறு. ஆனால் பையைப் பார்த்து எடுக்கிற முறை ஒன்றுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

எத்தனை லீற்றர் பை வாங்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். உண்மையில் கடைசியாகக் கேட்க வேண்டியது இது. பை உங்கள் முதுகுக்குப் பொருந்துகிறதா என்பது முதலாவது. எவ்வளவு எடையைத் தூக்கப்போகிறீர்கள் என்பது இரண்டாவது. இவை இரண்டும் தெரிந்தால் லீற்றர் தானாக முடிவாகிவிடும்.

இருந்தாலும் ஒரு கணக்கு வேண்டுமென்றால்: விடுதிகளில் தங்கி, உடுப்பைத் துவைத்துத் துவைத்து உடுத்தி, வெக்கையான நாடுகளில் சுற்றுபவருக்கு 40 முதல் 45 லீற்றர் போதும். பயணம் ஒரு மாதமா ஆறு மாதமா என்பது இதை மாற்றாது. ஒரு கிழமைக்கான உடுப்புத்தான் இரண்டுக்கும். குளிர்நாடு சேர்ந்தால் 50 முதல் 60. படுக்கை, சமையல் சாமான், சாப்பாடு எல்லாம் சுமந்து காட்டுப்பாதையில் நடப்பவருக்கு 50 முதல் 55. கூடாரம், குளிருக்கான படுக்கைப்பை எல்லாம் தனியொருவராகச் சுமப்பவருக்குத்தான் 65-க்கு மேல் தேவை. 80 லீற்றர் பையை வாங்கிவிட்டு அதைப் பாதி வெறுமையாகக் கொண்டுபோகும் மனவுறுதி யாருக்கும் கிடையாது. இடம் இருந்தால் சாமான் ஏறும்.

முதுகின் நீளத்தை எப்படி அளப்பது?

தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் போதும்.

தலையைக் குனியுங்கள். கழுத்தும் தோளும் சந்திக்கும் இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அதுதான் தொடக்கம். அடுத்து இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, பெருவிரல்கள் முதுகுப்பக்கம் வரும்படி இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொடுங்கள். இரண்டு பெருவிரல்களையும் இணைக்கும் கோடு முதுகுத்தண்டை வெட்டும் இடம் முடிவு. நிமிர்ந்து நின்றபிறகு, இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை முதுகின் வளைவோடு ஒட்டி நாடாவால் அளக்கச் சொல்லுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு இது பெரும்பாலும் 40 முதல் 53 சென்ரிமீற்றருக்குள் வரும். 45 வரை சிறிய அளவு, 45 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிது என்று எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்பின்னாக இருக்கும். உயரத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு முதுகு நீளமாகவும் இருப்பது சாதாரணம்.

சில பைகளில் முதுகுப் பகுதியைக் கூட்டிக் குறைக்கலாம். தோள்பட்டி பொருத்தியிருக்கும் பலகை ஒட்டுத்துணியால் (வெல்குரோ) ஏறி இறங்கும். அண்ணன் தம்பி மாறி மாறிப் பாவிக்கப்போகும் பையென்றால் இப்படியானதைத்தான் எடுக்க வேண்டும்.

இடுப்புப்பட்டி அவ்வளவு முக்கியமா? பள்ளிக்கூடப் பையில் அது இல்லையே.

பள்ளிக்கூடப் பை ஐந்தாறு கிலோ. அரை மணித்தியாலத்துச் சுமை. பத்துக் கிலோவை நாள் முழுக்கத் தோள் தாங்காது. பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்கி, அங்கிருந்து கால்களுக்குப் போக வேண்டும். தோள்பட்டியின் வேலை பை பின்னால் சரியாமல் பிடிப்பது மட்டுமே.

அதனால் இடுப்புப்பட்டியைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வெறும் நாடாவாக இருந்தால் அது அலங்காரம். ஸ்பொஞ் வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையையும் மூடும் அளவுக்கு நீண்டு, மடித்தால் கொஞ்சம் எதிர்க்கும் விறைப்போடு இருக்க வேண்டும். கொளுவி இறுக்கிய பின்னும் இரண்டு மெத்தைகளுக்கும் இடையே முன்னால் ஏழெட்டுச் சென்ரிமீற்றராவது இடைவெளி மிஞ்ச வேண்டும். இப்போதே இரண்டும் முட்டினால், பயணத்தில் வயிறு வற்றும்போது இறுக்க இடமிருக்காது.

கடையில் எப்படிப் போட்டுப் பார்ப்பது?

வெறும் பை எல்லோருக்கும் பொருந்தும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடைக்குப் போகும்போது 5 கிலோ அரிசிப் பைகள் இரண்டை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். அரிசியை முதுகோடு ஒட்டி வைத்து, சுற்றிவர ஒரு போர்வையைத் திணித்து, அசையாமல் செய்துவிட்டு இந்த ஒழுங்கில் அணியுங்கள்:

1. எல்லாப் பட்டிகளையும் முழுதாகத் தளர்த்துங்கள்.
2. மேலேயுள்ள கைப்பிடியால் பையைத் தூக்கி மடித்த முழங்காலில் வைத்து, ஒரு தோளை நுழைத்து, பிறகு மற்றத் தோள். ஒரே வீச்சில் தரையிலிருந்து தோளுக்கு ஏற்ற வேண்டாம்; தோள்பட்டியின் தையலும் உங்கள் முதுகும் அப்படித்தான் கெடுகின்றன.
3. இடுப்புப்பட்டியின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமரும்படி வைத்து இறுக்குங்கள். தொப்புளுக்கு மேலே ஏறினால் அதிகம். இடுப்புமூட்டுக்கு இறங்கினால் குறைவு.
4. தோள்பட்டிகளைக் கீழே இழுத்து, தோளோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.
5. தோளுக்கு மேலே பையின் உச்சியோடு இணைக்கும் சிறு பட்டி இருந்தால் அதை மெல்ல இழுங்கள். அது ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நிற்க வேண்டும். கிடையாகவோ கீழ்நோக்கியோ நின்றால் பை உங்கள் முதுகுக்குச் சிறியது.
6. நெஞ்சுப்பட்டியைக் காறையெலும்புக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கீழே கொளுவுங்கள். மூச்சு தாராளமாக வர வேண்டும்.

இப்போது பக்கத்திலிருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோள்பட்டி தோளைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிய வேண்டும். மேலே காற்று தெரிந்தால் பை நீளம் கூடியது. கால் மணித்தியாலம் கடைக்குள்ளேயே நடங்கள், குந்தி எழும்புங்கள், படி இருந்தால் ஏறுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எந்தப் பையும் நன்றாகத்தான் இருக்கும்.

நடக்கும்போது எங்கெங்கோ வலிக்கிறது. பையா, நானா?

வலிக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

விரல்கள் விறைத்தால் தோள்பட்டி அக்குள் பக்கம் நரம்பை அமுக்குகிறது. இடுப்பை இறுக்கி, தோள்பட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, நெஞ்சுப்பட்டியால் இரண்டு பட்டிகளையும் உள்ளே இழுங்கள். தொடையின் வெளிப்புறம் மரத்துப்போனால் இடுப்புப்பட்டி எலும்புக்குக் கீழே இறங்கியோ அளவுக்கு மேல் இறுகியோ அங்குள்ள தோல் நரம்பை நசுக்குகிறது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருந்தால் பாரமான சாமான் பையின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அதை முதுகோடு ஒட்டி மாற்றுங்கள்.

இடுப்பில் தோல் உரிவதற்குப் பெரும்பாலும் பை காரணமல்ல, உடுப்புத்தான். சாரத்தின் முடிச்சு, வேட்டியின் மடிப்பு, காற்சட்டையின் பெல்ட், பணம் வைக்கும் இடுப்புப் பை இவற்றில் ஏதாவது இடுப்புப்பட்டிக்கு அடியில் அகப்பட்டு அரைக்கும். வேட்டி கட்டி நடப்பவர்கள் மடிப்பைத் தொப்புளுக்கு நேரே முன்னால் கொண்டுவந்து, இரண்டு மெத்தைகளுக்கு இடையேயுள்ள வெளியில் வைத்தால் தப்பலாம்.

முதுகுப் பக்கத்தில் வலை இழுத்துக் கட்டிய பை நல்லதா?

காற்றோட்டம் உண்டு, வியர்வை குறையும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடியில் இது சிறிய விசயமல்ல. ஆனால் வலைக்கும் பைக்கும் இடையே விட்ட இடைவெளி பாரத்தை முதுகிலிருந்து பின்னால் தள்ளுகிறது. உள்ளே பையை விறைப்பாகப் பிடிக்கும் சட்டம் வளைந்திருப்பதால் சாமான் அடுக்குவதும் கொஞ்சம் சிக்கல். எட்டு ஒன்பது கிலோ வரை வலை சுகம். அதற்கு மேல் முதுகோடு ஒட்டி நிற்கும் பை நல்லது, வியர்த்தாலும் பரவாயில்லை.

சட்டம் எதுவுமே இல்லாத பையை ஏழெட்டுக் கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அலுமினியப் பட்டையோ வளைந்த கம்பியோ விறைத்த பிளாஸ்டிக் தகடோ உள்ளே இருந்தால்தான் பாரம் இடுப்புக்கு இறங்கும். பையின் உச்சியையும் அடியையும் பிடித்து நெருக்கிப் பாருங்கள். தலையணைபோலச் சுருண்டால் சட்டம் இல்லை.

மேலால் திறப்பதா, முன்னால் முழுதாகத் திறப்பதா?

விடுதி விடுதியாக மாறுபவருக்கு முன்னால் சூட்கேஸ்போலத் திறப்பது வசதி: அடியிலுள்ள ஒரு சேர்ட்டுக்காக எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டத் தேவையில்லை, ஸிப் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் போடலாம். காட்டு நடைக்கு மேலால் கயிறிழுத்து மூடும் பை. நீளமான ஸிப் இல்லாததால் மணல் புகுந்து கெடுவதற்கு ஒன்றுமில்லை, மழை உள்ளே போவதும் குறைவு. இரண்டும் கலந்தவையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பை வேண்டுமென்றால் மேலால் திறந்து, பக்கத்திலும் ஒரு ஸிப் உள்ளதை எடுங்கள்.

சில்லு வைத்த பை?

விமான நிலையம், வாகனம், ஹோட்டல் என்ற பயணத்துக்குச் சில்லு வைத்த சூட்கேஸே போதும்; முதுகுப்பை தேவையில்லை. உம்றாவுக்குப் போகும் வயதானவர்களுக்கும் இதையே சொல்வோம்: சில்லுப் பெட்டியும் தோளில் 20 லீற்றர் சிறு பையும். முதுகிலும் போடலாம், இழுத்தும் போகலாம் என்று விற்கும் கலப்புப் பைகள் சில்லும் கைப்பிடிச் சட்டமும் சேர்ந்து வெறும் பையாகவே பெரும்பாலும் மூன்று கிலோ அளவுக்கு வரும். கைப்பிடிக் குழாய் முதுகில் குத்தும். அவற்றை நாங்கள் விரும்புவதில்லை.

துணியில் எழுதியிருக்கும் டெனியர் என்றால் என்ன?

நூலின் பருமன். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறை என்பதே அந்த எண். பையின் பக்கங்களுக்கு 210, அடிப்பாகத்துக்கு 420 அல்லது அதற்கு மேல் என்றால் போதுமான துணி. அதே எண்ணில் நைலோன், பொலியெஸ்டரைவிட உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். வெயிலைப் பொலியெஸ்டர் கூடத் தாங்கும். எண் மட்டும் எல்லாமல்ல. தளர நெய்த 600 டெனியர் பொலியெஸ்டர், நெருக்கி நெய்த 420 நைலோனுக்கு முன் நிற்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகளாக ஒளி தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

உகந்தைக்கு அப்பால் முள்மரங்களும் பற்றைகளும் அதிகம். வெளியே மெல்லிய வலைப்பை தொங்கும் பைகள் அங்கே முதல் நாளிலேயே கிழியும். வெளிப்பைகளும் துணியாலானதாக இருக்கட்டும்.

ஸிப்பை எப்படிச் சோதிப்பது?

பையில் முதலில் கெடுவது ஸிப்தான், எனவே நேரம் எடுத்துப் பாருங்கள். பிரதான ஸிப்பின் ஓட்டியில், அதாவது இழுத்து மூடும் துண்டில், பெரும்பாலும் எண் இருக்கும். 5, 8, 10 என்பவை, மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்கின்றன. பிரதான வாய்க்கு 8 அல்லது 10 வேண்டும். சிறு பைகளுக்கு 5 போதும். வைகேகே (YKK) என்ற ஸிப் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அந்தப் பெயரையும் போலியாகப் பொறிக்கிறார்கள். பெயரைவிட ஓட்டத்தை நம்புங்கள்: வளைவில் ஒரு கையால் இழுக்கும்போது தடக்கக் கூடாது; மூடிய ஸிப்பை இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் பிளக்கக் கூடாது.

உலோகப் பல் வேண்டாம். கல்லடியிலோ பொத்துவிலிலோ கடலுக்கு அண்மையில் குடியிருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்று சைக்கிள் செயினுக்குச் செய்வதை ஸிப்புக்கும் செய்யும். சுருள் நைலோன் பல் நல்லது. ஓட்டி மட்டும் உலோகமாக இருப்பதால் அதையும் இடையிடையே மூடித் திறந்து ஓட வைக்க வேண்டும்.

ஸிப் மூடிய பிறகும் பின்னால் திறந்துகொண்டே வந்தால் பல் தேயவில்லை, ஓட்டியின் வாய் அகன்றிருக்கிறது. சிறு குறட்டால் ஓட்டியின் இரண்டு பக்கங்களையும் மிக மெல்ல, சமமாக நெருக்குங்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பலன் தரும். அதன்பின் ஓட்டியை மாற்ற வேண்டும்.

பெரிய நிறுவனத்தின் சின்னம் போட்ட பை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

போலி என்பது பாவமில்லை. தையல் நன்றாக இருந்தால் அதுவும் பைதான். பெயரை மறந்துவிட்டுத் தோள்பட்டி பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கித் தைத்த குறுக்குப் பட்டைத் தையலோ, பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் பத்துக் கிலோவில் பிரியும். உள்ளே துணியின் ஓரம் நாடா வைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். நூல் நூலாகப் பிசிறு தெரிந்தால் சில மாதத்தில் அந்தத் தையல் நழுவும். பட்டியை இறுக்கி, கையால் திடீரென இழுங்கள். கிளிப் வழுக்கி விட்டுக்கொடுத்தால் நடக்கும்போது ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டி மெல்லியதாக, பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் இப்படி வழுக்கும்.

மழை உறை போதுமா?

போதாது. மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது; முதுகால் வழியும் தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கும். காற்றடித்தால் உறை பறக்கும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் பெய்யும் மழைக்கு ஒரே வழி, பைக்குள் பெரிய தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயை இரண்டு தடவை முறுக்கி மடித்துக் கட்டுவது. கடவுச்சீட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் தனியாக, வாயை அமுக்கி மூடும் பூட்டுப் பை ஒன்று. வெளி உறை தூசியையும் சேற்றையும் தடுக்கும், அவ்வளவுதான்.

கதிர்காமப் பாதயாத்திரைக்குப் பையில் எவ்வளவு எடை?

காட்டுவழி, உகந்தைமலை முருகன் கோயிலடியில் தொடங்கி, கூமுனை, குமுக்கன் ஆறு தாண்டி யால காட்டுக்குள்ளால் போகிறது. நான்கைந்து நாளாகும். மாமாங்கத்திலிருந்தோ மண்டூரிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ நடந்து வருகிறவர்களுக்குப் பாணமை வரை ஊர்கள் உண்டு. அன்னதானமும் கடையும் உண்டு. சுமை தேவைப்படுவது உகந்தைக்குப் பிறகே. ஆகவே முழுச் சாமானையும் வீட்டிலிருந்தே சுமக்காமல், காட்டுக்கான அரிசி, பருப்பைப் பொத்துவிலில் வாங்குங்கள்.

உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 10 கிலோ. அந்தப் பத்தும் எப்படிப் போகிறது என்றால்: பை 1.5, போர்வையும் பாயும் 0.8, உடுப்பு 1.2, உலர் உணவு 2, தண்ணீர் 3, பங்கிட்டுக்கொண்ட சமையல் சாமான் 0.8, டோர்ச், மருந்து, கயிறு, கத்தி முதலியவை 0.7. இதில் ஜீவனிப் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல்) பக்கற்றுகளும், கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டரும் அடக்கம். எங்கே குறைக்கலாம் என்று பார்த்தால் உடுப்பில்தான். இரண்டு சோடி போதும், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். பெரிய துவாய் வேண்டாம், சாரமே துவாயும் போர்வையும்.

வெறுங்காலோடு நடப்பவர்கள் இன்னும் இரண்டு கிலோ குறைக்க வேண்டும். சுடுமணலில் கால் புதைய நடக்கும்போது ஒவ்வொரு கிலோவும் உள்ளங்காலில்தான் தெரியும்.

பொட்டணியைத் தலையில் வைத்து எத்தனையோ பேர் நடக்கிறார்களே. பை எதற்கு?

பழகிய தலைக்குப் பொட்டணி மிக நல்லது. பாரம் நேரே முதுகுத்தண்டில் இறங்குகிறது, முதுகில் காற்றுப்படுகிறது. பழகாதவர் கழுத்தைக் கெடுத்துக்கொள்வார். அம்மம்மா பொட்டணியோடு நடப்பதென்றால் அவருக்குப் பை வாங்கிக் கொடுத்துத் தொந்தரவு செய்யாதீர்கள். பாரமானதை நீங்கள் எடுங்கள்.

தண்ணீரை எதில், எங்கே வைப்பது?

ஒரு லீற்றர் ஒரு கிலோ. நீர் கிடைக்கும் இடங்களுக்கு இடையிலான தூரம் வறட்சியைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே நான்கு லீற்றர் கொள்ள ஏற்பாடு இருக்கட்டும், நிரப்புவது தேவையைப் பார்த்து. அதில் மூன்று லீற்றருக்கு இரண்டு ஒன்றரை லீற்றர் போத்தல்கள் பக்கப்பைகளில், இரண்டு பக்கமும் சமமாக. பக்கப்பை போத்தலின் பாதி உயரமாவது இல்லையென்றால் குனியும்போது விழும். கடையிலேயே ஒரு போத்தலை வைத்துக் குனிந்து பாருங்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பை அழகானது, ஆனால் எங்கள் வெக்கையில் ஒரு கிழமை கழுவாவிட்டால் குழாய்க்குள் பூஞ்சணம் கறுக்கும்.

காட்டுக்குள் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

அது தேசிய பூங்கா. பொலித்தீன் குப்பை ஒன்றும் விடக் கூடாது. அரிசி, மா, சீனியைப் புறப்படும்போதே துணிப்பைகளுக்கும் டப்பாக்களுக்கும் மாற்றி, கடைப் பொலித்தீனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பைக்குள் விரித்த பெரிய பொலித்தீன் உங்களோடு திரும்பி வர வேண்டும். இரவில் பழமும் அரிசியும் உள்ள பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம். யானை அந்த மணத்துக்கு வரும். சாப்பாட்டுச் சாமானை ஆட்கள் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி, குழுவின் மூத்தவர்கள் சொல்லும் இடத்தில் வையுங்கள். காலையில் பையைத் தூக்குமுன் உதறுங்கள். தேளும் உண்ணியும் முதுகு மெத்தைக்குள்தான் ஒதுங்கும்.

சேலை, சல்வார், அபாயாவோடு இடுப்புப்பட்டி கட்டலாமா?

சல்வாருக்கு மேலால் கட்டுவது இலகு. மேற்சட்டையின் பக்கவெட்டு பட்டிக்குக் கீழே வருகிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் துணி மேலேறும். அபாயாவுக்கு மேலால் கட்டும்போது முதலில் பட்டியைத் தளரக் கொளுவி, துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு இறுக்குங்கள். காலடி நீட்டத் துணி வேண்டும். சேலையில் கொசுவம் பட்டியின் கொளுவிக்கு அடியில் அமுங்கி வயிற்றில் குத்தும். நீண்ட நடைக்குச் சேலை கட்டுபவர்கள் பையை ஐந்தாறு கிலோவுக்குள் வைத்து, தோளில் மட்டும் போடுவது மேல்.

பெண்களுக்கென்று செய்த பைகளில் தோள்பட்டி நெஞ்சைச் சுற்றி வளைந்தும், இடுப்பு மெத்தை சாய்வாகவும் இருக்கும். நிறமும் பூவும் மட்டும் மாற்றிய பை பெண்களுக்கான பையல்ல.

விமானத்தில் கையோடு கொண்டுபோகலாமா?

பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் விடுகின்றன; அளவு ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர் உயரம், 35 முதல் 40 அகலம், 20 முதல் 23 தடிப்பு. 40 லீற்றர் பை இதற்குள் அடங்கலாம், ஆனால் பை தனியே ஒன்றரைக் கிலோ என்றால் சாமானுக்கு ஐந்தரைக் கிலோதான். பயணச்சீட்டில் உள்ள விதியைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் மலிவுச் சீட்டில் பொதியே இல்லாமலும் இருக்கும்.

பவர் பாங்க் பொதியில் போடக் கூடாது, கையில்தான். 100 வாட் மணிக்குக் கீழே இருக்க வேண்டும். 20,000 மில்லிஅம்பியர் மணி கொண்டது 3.7 வோல்ட்டில் 74 வாட் மணி, பிரச்சினையில்லை. கத்தியும் கத்தரிக்கோலும் மறுபுறம்: பொதியில்தான், கையில் கூடாது.

பொதியாகக் கொடுக்கும்போது தொங்கும் பட்டிகளை எல்லாம் கட்டி உள்ளே தள்ளுங்கள். கட்டுநாயக்கவிலும் சரி, எங்கும் சரி, நகரும் பட்டையில் அகப்பட்டுப் பிய்வது இடுப்புப்பட்டிதான். கழுவிக் காயவைத்த பெரிய உரப்பைக்குள் பையைப் போட்டு வாயைக் கயிற்றால் கட்டினால் மலிவான, உறுதியான உறை. தைத்துவிடாதீர்கள், சோதனைக்குத் திறக்க வேண்டி வரும்.

பஸ்ஸிலும் ரயிலிலும்?

ரயிலில் 45 லீற்றர் பை மேல்தட்டில் ஏறும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு நெடுநேரப் பயணம். பையின் ஒரு பட்டியைத் தட்டின் கம்பியில் கொளுவிவிட்டால் தூங்கலாம். அம்பாறை மாவட்டத்தில் ரயிலே இல்லாததால் கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கு இரவு பஸ்தான். டிக்கியில் போடுவதென்றால் உறை கட்டாயம். பக்கத்தில் யாருடைய கருவாட்டுப் பெட்டி ஏறும் என்று சொல்ல முடியாது.

சில வருடம் பாவிக்காமல் வைத்த பை உள்ளே ஒட்டும்தன்மையாகி மணக்கிறது. ஏன்?

துணியின் உட்பக்கம் தண்ணீர் புகாமல் பூசிய பொலியூரித்தேன் ஈரப்பதனோடும் வெக்கையோடும் சேர்ந்து சிதைகிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். புளித்த மணமும் வரும். இதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. வெந்நீரும் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு பூச்சை முழுதாக உரித்துவிட்டு, தண்ணீர் தாங்காத பையாகப் பாவிக்கலாம்.

வராமல் தடுப்பதற்கு: பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே தள்ளி வைக்காதீர்கள். எல்லா ஸிப்பையும் திறந்து, காற்றுப்படும் அறையில், வெயில் நேரே படாத இடத்தில் தொங்கவிடுங்கள். மாரி முடிந்ததும் ஒரு நாள் நிழலில் காயவையுங்கள். பூஞ்சணம் பிடித்தால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் துடைத்துக் காயவிடலாம். விசுக்கோத்துத் தூள் பைக்குள் கிடந்தால் எலி புதுத் துணியிலும் ஓட்டை போடும்.

எப்படிக் கழுவுவது?

மெசினில் வேண்டாம், பூச்சும் சட்டமும் கெடும். பெரிய வாளியில் சாதாரண தண்ணீர், கொஞ்சம் மென்மையான சவர்க்காரம், பல்தூரிகை. கடற்கரைப் பயணத்துக்குப் பிறகு ஸிப்களை மட்டுமாவது நல்ல தண்ணீரால் கழுவி மணலை எடுங்கள். காய்ந்தபின் பற்களில் மெழுகுதிரியை லேசாகத் தேய்த்தால் சுலபமாக ஓடும். எண்ணெய் பூச வேண்டாம், மணல் ஒட்டும்.

பழைய பை வாங்கலாமா?

தாராளமாக. உள்ளே கையை விட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள். ஸ்பொஞ்சை அமுக்கி விடுங்கள், எழும்பாவிட்டால் அதுவும் முடிந்தது. மற்றதெல்லாம் தைக்கலாம், மாற்றலாம்.

பயணத்தின் நடுவில் பட்டி பிரிந்தாலோ கொளுவி உடைந்தாலோ?

தடித்த ஊசி ஒன்றும், வலை பொத்தும் நைலோன் நூல் மூன்று மீற்றரும் பைக்குள் இருக்கட்டும். தங்கூசி வேண்டாம், விறைப்பான ஒற்றை நரம்பு துணியை அறுத்துக்கொண்டு வெளியே வரும், முடிச்சும் நழுவும். பிரிந்த பழைய தையலுக்கு ஒரு சென்ரிமீற்றர் அப்பால், பிய்யாத துணியில் தொடங்கி, போய்த் திரும்பி இரண்டு வரி தையுங்கள்.

இடுப்புக் கொளுவி உடைந்தால் பட்டியின் இரண்டு முனைகளையும் நேரே ஒன்றோடொன்று முடிந்துவிடலாம்; ஆனால் அவசரத்துக்கு அவிழ்க்க முடியாது, ஆற்றைக் கடக்கும்போது அது ஆபத்து. இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். புறப்படுமுன் பட்டியின் அகலத்தை அளந்து, 25, 38 அல்லது 50 மில்லிமீற்றரில் உங்களுடையது எதுவோ அதற்கு ஒரு கொளுவி கூடுதலாக வாங்கிப் போடுவது இதைவிட இலகு. தைக்காமலே பொருத்தக்கூடிய, ஒரு பக்கம் வெட்டுவாய் உள்ள கொளுவி கிடைத்தால் அதையே எடுங்கள்.